நாற்பத்தொன்றாவது முயற்சி: கடினமான வீடியோ கேம்கள் குறித்து வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில் ‘செகிரோ’ பற்றி நான் எழுதிய சிறு குறிப்பைப் படித்துவிட்டு, கடினமான வீடியோ கேம்களைப் பற்றிப் பல வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். முதல் கேள்வியைப் பலரும் வெவ்வேறு சொற்களில் கேட்டிருந்ததால் அதற்கான பதில் நீண்டுவிட்டது.

கேள்வி: ‘செகிரோ’வில் கோட்டையின் உச்சியில் நிற்கும் கெனிச்சிரோ என்ற எதிரியிடம் பன்னிரண்டு நாள்களாகத் தோற்றுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வோர் இரவும் எரிச்சலோடுதான் படுக்கப் போகிறேன். வென்றால் கிடைக்கும் மகிழ்ச்சிக்கு ஈடு இணை இல்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். தலைவலி விட்டால் வரும் நிம்மதியைத்தான் அவர்கள் மகிழ்ச்சி என்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. உண்மையில் இதில் என்னதான் இருக்கிறது?

பதில்: தலைவலி விட்ட நிம்மதி என்று நீங்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. எதிரி விழுந்த அடுத்த நொடியில் வருவது நிம்மதிதான். தோள்கள் தளர்கின்றன; அவ்வளவு நேரம் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தோம் என்பதே அப்போதுதான் தெரிகிறது. ஆனால் அந்த நிம்மதி அன்று இரவோடு கரைந்துவிடும். மறுநாளும் மறுமாதமும் மனத்தில் தங்கியிருப்பது வேறொன்று. அதைச் சொல்வதற்கு நீங்கள் விளையாடும் விளையாட்டே நல்ல உதாரணம்.

2019-இல் வெளிவந்த ‘செகிரோ’வை உருவாக்கியது ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம்; இயக்கியவர் ஹிடெடகா மியாசாகி. அதற்கு முன் அவர் இயக்கிய ‘டீமன்ஸ் சோல்ஸ்’ (2009), ‘டார்க் சோல்ஸ்’ (2011), ‘பிளட்போர்ன்’ (2015) ஆகியவற்றில், ஒரு பாஸிடம், அதாவது வழியை மறித்து நிற்கும் பெரிய எதிரியிடம், திரும்பத் திரும்பத் தோற்றால், வேறு பக்கம் போய்ச் சிறிய எதிரிகளை வீழ்த்தி, அதில் சேர்வதைக் கொண்டு நம் நாயகனின் வலிமையைக் கூட்டிக்கொண்டு திரும்பி வரலாம். ‘செகிரோ’ அந்தக் கதவை ஏறத்தாழ மூடிவிட்டது. நாயகனுக்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்று காட்டும் உயிர்ப்பட்டையை நீட்டும் பொருள்களும் தாக்கும் வலிமையைக் கூட்டும் பொருள்களும் பெரும்பாலும் இத்தகைய பெரிய எதிரிகளை வென்றால்தான் கைக்கு வரும். ஆகவே, கெனிச்சிரோவின் முன் முதல் முறை நின்றபோது உங்கள் நாயகனிடம் இருந்த வலிமைதான் நாற்பதாவது முறையும் இருக்கிறது. கெனிச்சிரோவின் வாளும் வில்லும் அதே வேகத்தில்தான் வருகின்றன. நாற்பத்தொன்றாவது முறை நீங்கள் வென்றால், அந்த அறையில் மாறியிருப்பது நீங்கள் ஒருவர்தான்.

இதை நான் பெரிதாக நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. தேர்வில் முன்னேறினால் வினாத்தாள் எளிதாக இருந்ததோ என்ற ஐயம் வருகிறது. வேலையில் முன்னேறினால் மேலதிகாரியின் தயவோ என்று தோன்றுகிறது. நாம் வளர்ந்திருக்கிறோம் என்பதை வேறெதுவும் கலக்காமல் நம் கண்ணாலேயே பார்க்கும் வாய்ப்பு அன்றாட வாழ்வில் மிகக் குறைவு. கடினமான ஒரு விளையாட்டு அந்த வாய்ப்பைச் சில வாரங்களுக்குள் தந்துவிடுகிறது. உங்கள் நண்பர்கள் மகிழ்ச்சி என்று சொல்வது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

இனி எரிச்சலைப் பற்றிச் சொல்கிறேன். கண் ஒன்றைப் பார்த்து, விரல் பொத்தானை அழுத்துவதற்கு மனிதர்களுக்கு ஏறத்தாழ கால் நொடி ஆகிறது. திரையில் நொடிக்கு 60 சட்டங்கள், அதாவது அடுத்தடுத்த படங்கள், ஓடும் விளையாட்டில் அந்தக் கால் நொடிக்குள் பதினைந்து சட்டங்கள் கடந்துவிடும். வாள் நெருங்கிய பிறகு முடிவெடுப்பவருக்கு அது போதாது. ஆகவே இந்தச் சண்டைகளை யாரும் வெறும் வேகத்தால் வெல்வதில்லை. அடிக்கு முன்னால் எதிரியின் உடல் காட்டும் குறிப்பைப் படித்துத்தான் வெல்கிறார்கள். அந்தக் குறிப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாத வரை ஒவ்வொரு சாவும் அநியாயமாகவே தெரியும்.

எனக்கு அந்தச் சண்டையில் முள்ளாக இருந்தது ஒரே ஓர் அடிதான். கெனிச்சிரோ மேலே எழும்பி, வாளை ஓங்கிக்கொண்டு இறங்குவான். அதைத் தடுத்த மறுகணம் சிவப்பில் ஓர் அபாய எழுத்து ஒளிரும். அடுத்து வருவது நேரான குத்தாகவும் இருக்கலாம், காலை வாரும் தாழ்ந்த வீச்சாகவும் இருக்கலாம். வீச்சென்றால் குதிக்க வேண்டும். குத்தென்றால் பின்வாங்கக் கூடாது. வாள்முனையை நோக்கி ஓர் அடி முன்னே பாய்ந்து, அந்த வாளைக் காலால் மிதித்து அழுத்த வேண்டும். சொல்வதற்கு இவ்வளவுதான். ஆனால் நெஞ்சுக்கு நேராக வாள் வரும்போது முன்னே போகச் சொன்னால் கட்டைவிரல் கேட்பதில்லை. இரண்டு இரவுகள் என் இடது கட்டைவிரல் தானாகவே பின்னுக்கு இழுத்தது. இரண்டு இரவுகளும் அந்த வாள் என்னைத் துரத்தி வந்து குத்தியது. மூன்றாம் நாள் காலையில் ஒரு முடிவோடு உட்கார்ந்தேன். இன்று வெல்ல முயலப் போவதில்லை, ஓர் அடிகூட அடிக்கப் போவதில்லை, அவன் இறங்கிய பிறகு அவனுடைய தோளையும் முழங்காலையும் மட்டும் பார்க்கப் போகிறேன் என்று முடிவெடுத்தேன். பத்துப் பன்னிரண்டு முறை செத்தேன். பிறகு, எந்த முறை என்று சொல்லத் தெரியவில்லை, அவனுடைய தோள் பின்னுக்குப் போவது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதுவரை ஒரு மங்கலான அசைவாக இருந்தது திடீரென்று எழுத்தைப் போலப் படிக்கக்கூடியதாக ஆனது. கட்டைவிரல் முன்னே போயிற்று. அவனுடைய வாள் என் நாயகனின் காலடியில் தரையோடு அழுந்திக் கிடந்தது.

நான் அவனை வென்றது அன்று மாலையில்தான். ஆனால் நீங்கள் கேட்ட அந்த நிறைவு எனக்குக் கிடைத்தது மாலையில் இல்லை, காலையில் அந்தத் தோள் தெரிந்த நொடியில். வெற்றி பிறகு வந்த ஒரு சடங்கைப் போல இருந்தது. எரிச்சல், நிறைவு இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன என்று அன்றிலிருந்து நம்புகிறேன். படிக்கத் தெரியாத ஒன்றின் முன் நிற்கும்போது எரிச்சல் வருகிறது. அதையே படிக்கத் தெரிந்ததும் நிறைவு வருகிறது. முதலாவது இல்லாமல் இரண்டாவதை யாரும் எனக்குத் தந்திருக்க முடியாது.

உங்களுக்கு நடைமுறையில் பயன்படக்கூடியவற்றையும் சொல்லிவிடுகிறேன். விளையாட்டில் வரும் பாழடைந்த கோயிலின் வெளியே நிற்கும் ஹான்பே என்ற வீரரிடம் போய், குத்தை மிதிக்கும் பயிற்சியை அலுக்கும் வரை செய்யுங்கள்; அவர் அதற்காகவே அங்கே இருக்கிறார். ஒரு நேரத்தில் ஓர் அடியை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். கடைசிக் கட்டத்தில் அவன் மின்னலோடு வரும்போது, குதித்து அந்தரத்திலேயே மின்னலை வாங்கி, கால் தரையில் படுவதற்குள் வாளை வீசினால், மின்னல் அவனிடமே திரும்பும். எல்லாவற்றுக்கும் மேலாக, எரிச்சலோடு படுக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த எரிச்சல் வருவதற்கு அரை மணி முன்னதாக நிறுத்திவிடுங்கள். கை பழகிய ஒன்றை மூளை உறக்கத்தில் உறுதிப்படுத்திக்கொள்கிறது. இரவில் ஐம்பது முறை தோற்ற இடத்தைக் காலையில் மூன்றாவது முயற்சியில் கடந்துவிட்டதாகச் சொல்லாத விளையாட்டாளர் ஒருவரையும் நான் சந்தித்ததில்லை.

கேள்வி: நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது ‘கான்ட்ரா’ விளையாடியவர்கள். அதுவும் கடினமாகத்தான் இருந்தது. இன்றைய கேம்களின் கடினத்தைப் பற்றி மட்டும் ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

பதில்: பழைய விளையாட்டுகள் கடினமாக இருந்ததற்குக் காரணமே வேறு. காசு போட்டு விளையாடும் இயந்திரங்களில், விளையாடுபவர் விரைவாகத் தோற்றால்தான் அடுத்த காசு விழும். அந்த இயந்திரங்களில் பிறந்த விளையாட்டுகளும் அந்த வழக்கமும் பிறகு வீட்டுக்குள் வந்தன. 1985-இல் கேப்காம் வெளியிட்ட ‘கோஸ்ட்ஸ் அண்ட் காப்ளின்ஸ்’ விளையாட்டில் முதல் அடியில் கவசம் போய்விடும், இரண்டாவது அடியில் உயிர் போய்விடும். இவ்வளவையும் தாண்டிக் கடைசி வரை போனவரிடம், நீ கண்டது மாயை, முதலிலிருந்து மறுபடி வா என்று விளையாட்டு சொல்லிவிடும். அதை இரண்டாவது முறை முடித்தவர்களின் பொறுமையை நான் மதிக்கிறேன். ஆனால் அது விளையாட்டாளரை மதித்துச் செய்த வடிவமைப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அக்காலக் கடினம் அதை உருவாக்கியவர்களுக்கே பாரமாக இருந்தது. 1986-இல் ‘கிராடியஸ்’ விளையாட்டை வீட்டுக் கருவிக்குக் கொண்டுவந்த கசுஹிசா ஹஷிமோட்டோ, சோதித்துப் பார்ப்பதற்குக்கூடத் தன்னால் அதை முடிக்க முடியவில்லை என்பதால், எல்லா ஆயுதங்களையும் ஒரே நேரத்தில் தரும் ஒரு பொத்தான் வரிசையை உள்ளே வைத்தார். மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம் என்று போகும் அந்த வரிசைதான் பின்னர் ‘கான்ட்ரா’வில் முப்பது உயிர்களைத் தந்தது. நீங்களும் அதை அழுத்தியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

இன்றைய நல்ல கடினமான விளையாட்டுகளில் வேறொரு அக்கறை தெரிகிறது. தோல்வி அடிக்கடி வரட்டும், ஆனால் அதன் விலை குறைவாகவும் காரணம் தெளிவாகவும் இருக்கட்டும் என்று அவற்றை வடிவமைப்பவர்கள் நினைக்கிறார்கள். 2010-இல் வந்த ‘சூப்பர் மீட் பாய்’ விளையாட்டில் செத்த மறுகணமே மீண்டும் ஓடத் தொடங்கலாம். ஒரு கட்டத்தை முடித்ததும், அதுவரை தோற்ற எல்லா முயற்சிகளையும் ஒரே திரையில் ஒன்றாக ஓடவிட்டுக் காட்டுவார்கள். கூட்டமாகப் புறப்படும் அந்தச் சிவப்பு உருவங்கள் ஒவ்வொன்றாக ரம்பத்தில் விழுந்து, கடைசியில் ஒன்று மட்டும் போய்ச் சேர்வதைப் பார்க்கும்போது, தோற்ற நேரம் வீணாகவில்லை என்பது கண்முன் நிற்கிறது. 2017-இல் வந்த ‘கப்ஹெட்’, நாம் செத்ததும் ஒரு கோட்டை வரைந்து, வெற்றிக்கு எவ்வளவு தூரத்தில் விழுந்தோம் என்று காட்டுகிறது. இலக்கிலிருந்து ஒரு நூல் தள்ளி விழுந்திருப்பதைக் கண்ட பிறகு யாருக்குக் கை நிற்கும்?

2018-இல் வந்த ‘செலஸ்ட்’ இன்னும் நுட்பமானது. மலையேறும் பெண் ஒருத்தியின் கதை அது. ஒரே திரையில் ஐம்பது முறை சாக வைக்கும். ஆனால் பாறை விளிம்பைத் தாண்டி அவளுடைய கால் காற்றில் இருக்கும்போதுகூட, நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் பொத்தானை அழுத்திவிட்டால், குதித்ததாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளும். சற்றே பிந்திய நம் விரலை யாருக்கும் தெரியாமல் மன்னித்துவிடுகிறது. கடினமான விளையாட்டைச் செய்பவர் இப்படி மறைவாகக் கருணை காட்டுவதைக் கண்டுபிடித்த நாளில் எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை வந்தது.

என் அளவுகோல் ஒன்றுதான். செத்தவுடன், “எதனால் செத்தேன்?” என்று கேட்டால் பதில் சொல்ல முடிகிறதா? முடிந்தால் அது நியாயமான கடினம். திரைக்கு வெளியேயிருந்து வந்த அம்பு, சொன்னதைக் கேட்காத கேமரா, சரியாக அழுத்தியும் பதிவாகாத பொத்தான் என்று பதில் வந்தால், அந்தக் கோபத்தை நீங்கள் அடக்கிக்கொள்ள வேண்டியதில்லை. குறை உங்களுடையது அல்ல.

கேள்வி: ‘செலஸ்ட்’ விளையாட்டை உதவி முறையைப் பயன்படுத்தி முடித்தேன். முடித்தபோது கண் கலங்கிவிட்டது. ஆனால் என் தம்பி, “அக்கா, நீ முடித்தது கணக்கில் சேராது” என்கிறான். அவன் சொல்வது சரியா?

பதில்: சரியில்லை. உங்கள் கண் கலங்கியதே அதற்குச் சான்று. ‘செலஸ்ட்’டின் உதவி முறையை வைத்தவர்கள் அந்த விளையாட்டை உருவாக்கியவர்களேதான், ஓட்டத்தின் வேகத்தைக் குறைக்கவும், தொற்றி ஏறும் வலு தீராமல் வைக்கவும், தேவைப்பட்டால் சாவே வராமல் செய்யவும் அதில் வழி உண்டு. யாருடைய கைக்கு எது எட்டாத உயரம் என்பது வெளியிலிருந்து தெரியாது. மணிக்கட்டில் வலி உள்ளவருக்கும், பார்வை குறைந்தவருக்கும், இதுவே முதல் விளையாட்டாக அமைந்தவருக்கும் மலை ஒன்றுதான். ஆனால் அவர்கள் ஏறத் தொடங்கும் இடம் வேறு. உடல் இயலாமை உள்ளவர்களுக்காக 2018-இல் மைக்ரோசாஃப்ட் பெரிய பொத்தான்களோடு கொண்டுவந்த அடாப்டிவ் கன்ட்ரோலரும், 2020-இல் வந்த ‘த லாஸ்ட் ஆஃப் அஸ் பகுதி 2’ விளையாட்டில் இருந்த அறுபதுக்கும் மேற்பட்ட அணுகல் வசதிகளும் இதை உணர்ந்து செய்யப்பட்டவை.

அதே நேரத்தில், எல்லா விளையாட்டிலும் எளிய முறை என்றொரு பொத்தான் கட்டாயம் வேண்டும் என்று நான் வாதிட மாட்டேன். ‘எல்டன் ரிங்’ (2022) அப்படியொரு பொத்தானை வைக்கவில்லை. ஆனால் ஆவிகளைத் துணைக்கு அழைக்கலாம், வேறு விளையாட்டாளர்களைக் கூப்பிடலாம், எதிரியை விட்டு வேறு திசையில் போய் வலுப்பெற்றுத் திரும்பலாம். அந்த உலகத்துக்குள்ளேயே எளிமைக்கான வழிகள் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தியவரையும் சிலர் குறைத்துப் பேசுகிறார்கள். அது எனக்கு வருத்தம் தருகிறது. கருவிகள் பயன்படுத்துவதற்காகத்தான் வைக்கப்பட்டிருக்கின்றன.

தம்பியிடம் சண்டை வேண்டாம். எந்தத் திரையில் நீங்கள் அதிக நேரம் நின்றீர்கள் என்று அவனுக்குச் சொல்லுங்கள். அவன் நின்ற திரையைக் கேளுங்கள். இருவரும் ஒரே மலையைப் பற்றித்தான் பேசுகிறீர்கள் என்பது அவனுக்குப் புரிந்துவிடும்.

கேள்வி: என் மகனுக்குப் பதினைந்து வயது. ஏதோ ஒரு கடினமான கேமில் தோற்கும்போதெல்லாம் கத்துகிறான், மேசையைக் குத்துகிறான். நிறுத்து என்றால், “இப்போது முடியாதும்மா” என்கிறான். நான் மின்சாரத்தை அணைத்துவிட்டால் நாள் முழுக்கப் பேசுவதில்லை. தடுத்துவிடலாமா?

பதில்: அவன் முடியாது என்று சொல்வது சில விளையாட்டுகளைப் பொறுத்தவரை உண்மை. ‘டார்க் சோல்ஸ்’ விளையாட்டில் நடுவில் நிறுத்தி வைக்கும் வசதியே இல்லை. செத்தால், அதுவரை சேர்த்தது முழுவதும் செத்த இடத்திலேயே கிடக்கும். அதை எடுக்கப் போகும் வழியில் மறுபடி செத்தால் மொத்தமும் போய்விடும். அப்படிப்பட்ட நேரத்தில் மின்சாரத்தை அணைப்பது, எழுதிக்கொண்டிருக்கும் தேர்வுத்தாளைப் பிடுங்குவதைப் போன்றதுதான். ஆகவே “இப்போதே நிறுத்து” என்பதற்குப் பதிலாக, “இந்தச் சண்டை முடிந்ததும் நிறுத்து” என்று சொல்லிப் பாருங்கள். அதை அவனால் காப்பாற்ற முடியும். காப்பாற்றவில்லை என்றால் கண்டிக்கவும் உங்களுக்கு நியாயம் இருக்கும்.

கத்துவதைப் பொறுத்தவரை, ஒரு நாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, கோபம் தணிந்த பிறகு, “எதனால் செத்தாய்?” என்று உண்மையான ஆர்வத்தோடு கேளுங்கள். “அவன் கையைத் தூக்கியதும் அவசரப்பட்டு உருண்டுவிட்டேன், ஒரு நொடி காத்திருக்க வேண்டும்” என்ற மாதிரி பதில் வந்தால், அவன் கற்றுக்கொண்டிருக்கிறான்; அந்தக் கத்தல் கணக்கு வராதபோது பென்சிலைத் தூக்கி எறிவதைப் போன்றதுதான். “கேம் ஏமாற்றுகிறது” என்பது மட்டுமே பதிலாக, அதுவும் தொடர்ந்து பல நாள் வந்தால், அந்த நேரத்தில் அவன் எதையும் கற்கவில்லை, எழுந்துபோக வேண்டும். இந்த வேறுபாட்டை அவனே உணரும்படி செய்துவிட்டால் தடை தேவைப்படாது. மேசையைக் குத்துவதையும் பொருளை எறிவதையும் மட்டும் ஒருபோதும் அனுமதிக்காதீர்கள்.

தோற்றதற்குக் கோபப்படுவது நோய் அல்ல. உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் பதினொன்றாம் பதிப்பில் விளையாட்டு அடிமைநிலையைச் சேர்த்திருக்கிறது. அது 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. விளையாடும் நேரத்தின் மேல் கட்டுப்பாடு போய்விடுவது, மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டே முதன்மையாகிவிடுவது, கேடு விளைகிறது என்று தெரிந்தும் தொடர்வது ஆகியவற்றை அது அடையாளங்களாகச் சொல்கிறது; இவை பொதுவாகப் பன்னிரண்டு மாதங்களாவது தொடர்ந்து காணப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. மகன் உறங்குகிறானா, சாப்பிடுகிறானா, படிக்கிறானா, நண்பர்களோடு பேசுகிறானா என்று பாருங்கள். இவற்றில் இரண்டு மூன்று ஒருசேரக் குறைந்துகொண்டே போனால் தயங்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு அறுபத்திரண்டு வயது. பேரன் விளையாடுவதைப் பார்த்து ஆசை வந்துவிட்டது. ஆனால் விரல்கள் வேகமாக ஓடாது. கடினமான கேம்களின் சுவை எனக்குக் கிட்டாதா ஐயா?

பதில்: நிச்சயமாகக் கிட்டும். கடினம் என்றால் வேகம் என்று மட்டும் பொருளில்லை. ‘இன்டு த பிரீச்’ (2018) சதுரங்கத்தைப் போல ஒருவர் மாற்றி ஒருவர் நகர்த்தும் விளையாட்டு. எதிரிகள் அடுத்து எங்கே அடிக்கப் போகிறார்கள் என்பதை முன்கூட்டியே காட்டிவிடும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம். அப்படியிருந்தும் தோற்பீர்கள், ஏன் தோற்றீர்கள் என்பதும் தெளிவாகத் தெரியும். சீட்டுகளைச் சேர்த்துக்கொண்டே கோபுரம் ஏறும் ‘ஸ்லே த ஸ்பயர்’ (2019) இன்னொன்று. அதை ஒரு முறை முடித்த பிறகு, ஒன்றன்மேல் ஒன்றாக இருபது படிகள் கடினத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம். அதில் நான் பல மாதங்கள் மூழ்கிக் கிடந்தேன். முதலில் இந்த இரண்டில் ஒன்றைத் தொடங்குங்கள். பேரனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விளையாடினால், எந்தச் சீட்டை எடுப்பது என்று அவனோடு வாதாடுவதற்கே தனிச் சுவை உண்டு.

கேள்வி: ஆறு மாதம் போராடி ‘டார்க் சோல்ஸ்’ முடித்தேன். முடிவில் உருவாக்கியவர்களின் பெயர்ப் பட்டியல் ஓடியபோது மகிழ்ச்சி வரவில்லை, வெறுமைதான் வந்தது. என்னிடம் ஏதாவது குறையா?

பதில்: குறை எதுவும் இல்லை. ஆறு மாதம் ஒவ்வொரு மாலையும் உங்களுக்காக ஒரு வேலை காத்திருந்தது. அது ஒரு நாளில் போய்விட்டது. உங்கள் நிறைவு அந்தப் பெயர்ப் பட்டியலில் சேர்த்து வைக்கப்பட்டிருக்கவில்லை, வழியெங்கும் சிறிது சிறிதாக ஏற்கெனவே கிடைத்துவிட்டது. அதை மறுபடி பார்க்க வேண்டுமென்றால், புதிய நாயகன் ஒருவனை உருவாக்கி, எந்த வலிமையும் இல்லாமல் முதலிலிருந்து தொடங்குங்கள். அன்று உங்களை நிறுத்தி வைத்த பாலத்தையும், மதில்மேல் எதிர்ப்படும் அந்தக் காளைத்தலை அரக்கனையும் எத்தனை நிமிடத்தில் கடக்கிறீர்கள் என்று பாருங்கள்.

கேள்வி: ஒரு கேமைப் பாதியில் விட்டு எட்டு மாதம் ஆகிறது. பட்டியலில் அதன் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் தோற்றுப் போனவன் என்ற எண்ணம் வருகிறது. எப்போது விட்டுவிடலாம் என்பதற்கு ஏதாவது கணக்கு உண்டா?

பதில்: நான் கடைப்பிடிக்கும் கணக்கைச் சொல்கிறேன். நேற்றைவிட இன்று ஏதாவது புதிதாகத் தெரிந்துகொண்டேனா என்று பார்ப்பேன். தெரிந்துகொண்டிருந்தால் எத்தனை முறை தோற்றாலும் தொடர்வேன். ஒரு வாரமாக எதுவும் புதிதாகத் தெரியவில்லை, வெறும் பிடிவாதம் மட்டும்தான் என்னை உட்கார வைத்திருக்கிறது என்றால் விட்டுவிடுவேன். போட்ட நேரம் வீணாகிவிடுமே என்பதற்காகத் தொடர மாட்டேன். ஏனென்றால் அந்த நேரத்தில் கற்றது கையில் இருக்கிறது, அடுத்த விளையாட்டுக்கு அது கூடவே வரும்.

‘ஹாலோ நைட்’ விளையாட்டை நான் முடித்திருக்கிறேன். ஆனால் 2018-இல் அதனோடு சேர்க்கப்பட்ட கடைசிச் சவாலை, நாற்பதுக்கும் மேற்பட்ட பாஸ்களை ஒரே மூச்சில், நடுவில் தோற்றால் மீண்டும் முதலிலிருந்து வெல்ல வேண்டிய அந்தச் சவாலை, இன்னும் முடிக்கவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலம் முழுக்க முயன்றேன். கடைசிக்கு இரண்டு எதிரிகள் முன்னால் விழுந்ததுதான் நான் போன அதிகபட்ச தூரம். அதன் பிறகு மூன்று வாரம் எதுவும் புதிதாகப் பிடிபடவில்லை, எடுத்து வைத்துவிட்டேன். அதை நினைத்தால் எனக்கு வெட்கம் வருவதில்லை. அந்த நாற்பது பேரில் பெரும்பாலானோரின் அசைவுகள் இன்றும் கண்ணை மூடினால் வரிசையாக வருகின்றன. நீங்களும் உங்கள் விளையாட்டைப் பட்டியலில் அப்படியே இருக்கவிடுங்கள். என்றாவது ஒரு நாள் காரணமே இல்லாமல் அதைத் திறந்து பார்க்கத் தோன்றும்; தோன்றினால், நின்ற இடத்திலிருந்து தொடங்காமல், அதற்கு முந்தைய எதிரியிடமிருந்து தொடங்குங்கள்.